ஒரு சாண் தொங்கல்

ரீகாவில் இன்றிரவு மைனஸ் பத்தொன்பது.
மீன்தொட்டிக்குப் பின்னால்
பல்லிடுக்கில் டார்ச்சோடு ஜின்த்ரா.

எல்லா வயரையும் ஒரே சிக்காக்கிவிட்டுப்
போயிருக்கிறான் உல்திஸ்,
மீன்களையும்தான் விட்டுவிட்டு.

நேற்று தண்ணீரில் கை விட்டபோது
சுண்டுவிரல் கீறலில்
எறும்பு கடித்தாற்போல் ஒன்று.
பகலெல்லாம் டிராம் கம்பியின்
அறுநூறு வோல்ட்டோடு புழங்குகிறவள்
சட்டென்று கையை உதறினாள்.

மெயினை அணைத்தாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
விரிசல் விட்ட ஹீட்டர் குப்பைக்கு.
கடை திறக்கும்வரை
தொட்டியைச் சுற்றி அவனுடைய போர்வை.
தரையில் கிடந்த பிளக் பலகை
சுவருக்கு ஏறியது.
ஃபில்டர், விளக்கு, காற்றுப் பம்பு:
வால்நுனியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினாள்.
மிச்சமிருந்த ஒரு வயர்
எந்த மீனுக்கும் போகவில்லை.
அவன் ஷேவரின் சார்ஜர்.
அதற்கும் பிளாஸ்திரி கிழித்தாள்,
எழுதவில்லை.

பிறகு ஒவ்வொரு வயரையும்
பிளக்குக்குக் கீழே
ஒரு சாண் தொங்கவிட்டு மேலேற்றினாள்.
மெயினைப் போட்டாள்.

இரண்டு மணிக்கு
மூடியில் கோத்த ஒரு துளி
வயரைப் பிடித்து இறங்கியது.
தொங்கலின் அடிவயிற்றில் நின்றது,
பருத்தது,
மேலேறத் தெரியாமல்
மடித்த துண்டின்மேல் சொட்டியது.

விடிந்தால் வேலை.
அடுத்த துளிக்காக உட்கார்ந்திருக்கிறாள்.