நாற்பத்தேழாம் சென்டிமீட்டர்

மார்ச். ஏரி இன்னும் எங்களைத் தாங்குகிறது.
முழங்கை ஆழப் பனிக்கட்டியில் துளை போட்டு
கம்பியோடு கம்பி திருகி இறக்குகிறோம்.
மூன்றாவது கம்பியில் தரை.
தூர்வால்ட் தோள் கொடுத்து அழுத்தித் திருப்புகிறார்,
கீழே கருவி வாயை மூடிக்கொள்கிறது.

பாதி பிளந்த குழாயில் கிடத்தினோம்.
மேலே பாசி கரைந்த பழுப்பு, ஆடையில்லாத தயிர் போல.
கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம்.
காற்றுப் பட்டதும் கண்ணெதிரே சாம்பலாகிறது,
"நிறத்தை முதலில் எழுது" என்கிறாள் அன்னுக்கா.
பென்சிலில் எழுதினேன். பேனா உறைந்துவிட்டது.

பழுப்பு ஏரி. கறுப்பு கடல்.
நடுவே ஒன்றரை விரற்கடை
இரண்டிலும் சேராத நிறம்.
கடல் இந்தப் பாறை வாசற்படியைக்
கடைசியாகத் தாண்டிய காலம் அது.
கடல் போய்விட்டது என்று சொல்லக் கூடாது இங்கே.
பனிப்பாளம் இறங்கிய முதுகு
இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது,
நூறாண்டுக்கு இடுப்பளவு.

வெட்டு. குப்பியில் இடு. எண் எழுது.
கரண்டியைத் துடை.
நாற்பத்தைந்து.
நாற்பத்தாறு.
கையுறை கழற்றிய விரல்கள் யாருடையவோ.
நாற்பத்தேழு நழுவித்
துளைக்குள் விழுந்தது,
சத்தம்கூட இல்லை.

பத்து வருடம் இருக்கும்.
ஒரு பிள்ளை பிறந்து, நீந்தப் பழகி,
துடுப்பைக் கொடு என்று அடம்பிடிக்கும் வயது.
யாராவது திட்டியிருக்கலாம்.

உதைத்து ஓட்டும் சறுக்குவண்டியில்
காபிக் குடுவையோடு ஹில்லெவி வந்தாள், இந்தக் கரையின் சொந்தக்காரி.
குனிந்து சேற்றைப் பார்த்தாள்.
"என் படகுக் கொட்டகை இப்போது புல்வெளியில் நிற்கிறது.
கடல் விட்ட மண் ஊர்ப் பொதுவாம்.
தண்ணீரைத் தொட இரண்டு தரம் விலைக்கு வாங்கினேன்.
மூன்றாவது எப்போது? அதைச் சொல்லுங்கள்."

அன்னுக்கா காபியை ஊதினாள்.
"கடலும் இப்போது ஏறுகிறது.
நிலம்தான் முந்தும். முன்பு போல வேகமாக அல்ல."
"அப்படியானால் தள்ளுபடி கேட்கலாம்,"
என்று சிரிக்காமல் சொன்னாள் ஹில்லெவி.

நோட்டில்:
47 – இல்லை. காரணம் – நான்.
பிறகு நாற்பத்தெட்டை வெட்டினேன்,
இரண்டு கையாலும்.

இரவு, விடுதியில், விளக்கடியில்
கட்டைவிரல் நகத்திடுக்கில் கொஞ்சம் இருந்தது.
நாற்பத்தாறோ, ஏழோ, எட்டோ.
வெகுநேரம் பார்த்தேன்.
சூப் ஆறிக்கொண்டிருந்தது,
கழுவிவிட்டேன்.