புழு: இல்லை

கொளத்தூரில் ஜோடி இருநூற்றெண்பது என்றான்.
இருநூற்றைம்பதுக்கு இறங்கும்போதே
பெண்மீனின் வயிறு லேசாகச் சிவந்திருந்தது.
அவன் பார்க்கவில்லை.
நான் பேசாமல் பணத்தை நீட்டினேன்.
கவரில் கட்டிய தண்ணீரை மடியில் வைத்து
ஷேர் ஆட்டோவில் அயனாவரம் வரும்வரை
ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் மூச்சைப் பிடித்தேன்.

கிரிபென்சிஸ் என்று பெயர்.
வாயில் நுழையாமல் தணிகைவேல்
ஆணைக் கிரி என்றும்
பெண்ணைக் கிரிஜா என்றும் ஆக்கிவிட்டார்.

போர் தண்ணீர் ஆகாது,
ஸ்டீல் குடத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிற உப்பு.
லாரித் தண்ணீரில் குளோரின் வாடை.
இரண்டு நாள் அதைத் திறந்துவைத்து,
ரயில்வே குவார்ட்டர்ஸ் வாதுமை மரத்தடியில்
சிவந்து உதிர்ந்த இலை நான்கு பொறுக்கிப் போட்டேன்.
கட்டஞ்சாயா நிறம் வந்தது.
சட்னிக்குத் துருவிய கொட்டாங்கச்சியில்
ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்தேன்.

முதல் ஈட்டை அவர்களே தின்றார்கள்.
இரண்டாவதையும்.

உயிருள்ள தீனி போடுங்க மேடம் என்றான் கடைக்காரன்.
மொட்டைமாடியில் சின்டெக்ஸ் நிழலில்
ஒரு பச்சை வாளி, பாதி தண்ணீர்.
அவ்வளவுதான் என் பங்கு.
மீதியைச் சென்னைக் கொசுக்கள் பார்த்துக்கொண்டன.

வியாழக்கிழமை எப்சிபா வந்தாள்,
கழுத்தில் மாநகராட்சி அட்டை, கையில் டார்ச்.
பூச்சட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம்,
மூடாத டிரம், எல்லாம் பார்த்து
கடைசியில் மாடி.
"யாருதுக்கா இந்த வாளி?"
எத்தனை பொய் ஞாபகம் வந்தது!
ஒன்றும் சொல்லாமல் வாளியோடு அவளையும்
கீழே அழைத்துவந்தேன்.

டீ வடிகட்டியில் அள்ளித் தொட்டியில் தட்டினேன்.
நெளிந்து இறங்கிய புழு
பாதி வழி கூடப் போகவில்லை.
"அய்ய, நாங்க மருந்து அடிச்சாகூட
இவ்ளோ சுத்தமா போகாது" என்றாள்.
பழக்கதோஷம்,
டார்ச்சைத் தொட்டிக்குள்ளும் அடித்தாள்.
கிரிஜா வெளிச்சத்தைக் கொத்த வந்தாள்.

"அக்கா, இங்கயும் புழு இருக்கு."

குனிந்தேன்.
கொட்டாங்கச்சிக் கூரையில் ஒட்டிக்கொண்டு
வால் மட்டும் துடிக்க,
ஆளுக்கொரு மஞ்சள் மூட்டையோடு
நாற்பதோ, ஐம்பதோ.
காலையும் மாலையும் கண்ணாடியில் மூக்கை வைத்தும்
எனக்குத் தெரியாதது
அவளுக்கு ஒரு தரத்தில் தெரிந்தது.
எட்டு வருஷம் நீரில் நெளிவதையே தேடிய கண்.

கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில்
தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள்.
புழு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
இல்லை என்று எழுதினாள்.
போகும்போது மாடியேறி
வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

நேற்று சாயங்காலம் படிக்கட்டடியில் அதே குரல்:
"அக்கா, புகை மிஷின் நம்ம தெருவுக்குத் திரும்புது,
மூடிக்கோ!"

ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி,
தணிகைவேலின் வேட்டியை நனைத்துத் தொட்டிமேல் போர்த்தினேன்.
வெளியே தெரு வெள்ளையாகிக்கொண்டிருந்தது.
மனசு கேட்காமல் ஒரு ஓரம் தூக்கிப் பார்த்தேன்.

கிரிஜா வயிற்றுத் துடுப்பை
ஒரே ஒரு தரம் உதறினாள்.
அத்தனை குஞ்சும் மணலில் இறங்கிப் படுத்தன.
எது குஞ்சு எது மணல் தெரியவில்லை.
வேட்டி நுனியிலிருந்து என் பாதத்தில்
சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.
காலை நகர்த்தவில்லை.