வரவு செலவு: உழவர் நடுநிலைக் கட்சி

கட்சி பிறந்தது சேத்துப்பட்டில்,
மல்லாட்டை மண்டியின் மாடியில்.
கீழே எடை, மேலே தீர்மானம்.
"ஐம்பத்தொன்பதேய்" என்று கீழே ஒருவன் கூவினால்
மேலே ஒருவர் பேச்சை மறந்துபோவார்.

நான் கணக்கெழுதினேன்.
சந்தா நாலணா,
காசில்லாதவர்க்கு ஒரு படி மல்லாட்டை.
முதல் மாத வரவு ரூபாய் முப்பத்தொன்று,
மல்லாட்டை எட்டு மூட்டை.
எலி தின்றதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன்.

தலைவர் ஜம்புலிங்கனார் குரலை உயர்த்த மாட்டார்.
ஆரணியில் ஒலிபெருக்கி பழுதான அன்று
முதல் மூன்று வரிசைக்கு மட்டும்
கட்சி இருந்தது.

ஜமீனை எதிர்த்தோம், அளவாக.
செங்கொடியை எதிர்த்தோம்,
அதைவிட ஒரு பிடி கூடுதலாக.
குத்தகையில் ஐந்தில் இரண்டா, மூன்றில் ஒன்றா என்று
மூன்று ராத்திரி பேசி
"நியாயமான பங்கு" என எழுதிக்கொண்டு
பெட்ரோமாக்ஸை அணைத்தோம்.

வேலூர் கச்சேரியில் சின்னம் கேட்டபோது
தண்ணீர் இறைக்கும் கவலை வேண்டும் என்றோம்.
எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்:
"அதுதான் எல்லாருக்கும் இருக்கே."
ஏணி கொடுத்தார்கள்.
உழவனுக்கு ஏணி எதற்கு என்று ஊர் ஊராய்க் கேட்டார்கள்.
கிணற்றில் இறங்க என்றோம்.

களம்பூர்க் கூட்டத்தில்
வெளிச்சம் எட்டாத இடத்திலிருந்து
இடுப்புப் பிள்ளையோடு தேசம்மாள் கேட்டாள்:
"கெணறு வச்சிருக்கறவங்க கட்சி இது, சரி.
மாடு ஓட்டறவன் கட்சி எது சாமி?"
தலைவர் கும்பிட்டார். நல்ல கேள்வி என்றார்.
குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.
ஏற்றினேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது,
பதிலுக்கு விட்ட அரைப் பக்கத்தோடு.

அப்போது ஆளுக்கொரு வாக்குப் பெட்டி.
ஏணி ஒட்டிய பெட்டியைத் திறந்தால்
சீட்டுகளோடு ஒரு கட்டி வெல்லம்,
அதை மொய்த்த எறும்பு,
"வட்டிய கொறைங்க" என்று பென்சிலில் ஒரு துண்டு.
எறும்பை ஊதிவிட்டு எண்ணினார்கள்.
நான்கு இடம் எங்களுக்கு.

பட்டணத்தில் ஆட்சி அமைக்க ஆள் குறைந்தது.
நான்கு என்பது
ஒரே வாரத்தில் பெரிய எண்ணாயிற்று.
போளூர் சாலையில் புழுதி கிளப்பி
ஒரு கறுப்புக் கார் வந்தது.
தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.
"உள்ளே இருந்துதான் எதையும் செய்ய முடியும்" என்றார்,
எப்போதும் போல மெதுவாக.
கார் கதவு சாத்திய சத்தம்
அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கணக்கு பொய்.
குத்தகைப் பாக்கிக்கு மாட்டை ஓட்டிப்போவது
ஒரு போகம் நின்றது.
களம்பூரில் மூன்று வீடு,
அவலூர்ப்பேட்டைப் பக்கம் பதினொன்று.
ஐந்தாம் தீர்மானம் பாதி நிறைவேறியதாகக்
கடிதம் போட்டார்.
எந்தப் பாதி என்று
நாங்கள் திருப்பி எழுதவில்லை.

பதினாறாம் மாதம் கலைத்தோம்.
மாசி வெயில், பகல் மூன்று மணி.
பெரிய கட்சியில் சேருவதற்கு ஆதரவு பதினாறு.
பதினேழாமவர் அம்மூர் வரதப்ப ரெட்டியார்
சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
நடுநிலை என்று குறித்தேன்.

ஊர்வலத்துக்குக் கட்டிய மூங்கில் ஏணி
மண்டியிலேயே தங்கிவிட்டது,
மூட்டை அடுக்க.
கூலிக்கு மல்லாட்டை உரிக்க வரும் தேசம்மாள்
அதன் கீழ்ப்படியில் தூளி கட்டியிருந்தாள்.
என்னைப் பார்த்தால்
கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை.
சிரிப்பதும் இல்லை.

கையிருப்பு ரூபாய் ஏழு, அணா இரண்டு.
யாரிடம் ஒப்படைப்பது என்று
கலைத்த தீர்மானத்தில் சொல்லவில்லை.
சித்திரைக்குச் சித்திரை
முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்ததாக எழுதுகிறேன்.
நயாபைசா வந்த வருஷம்
இரண்டணா பன்னிரண்டரை ஆயிற்று.
அரைக் காசு அடிக்கவில்லை அரசாங்கம்.
அந்த அரையை விடுவதா, கூட்டிக்கொள்வதா?
வலது பத்தியில் வைத்தேன்,
அழித்து
இடது பத்தியில் வைத்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கம் தெரிகிறது.