இரண்டாம் சாவி

சாரல் விழுகிற மூன்று மாதம்
புளியரையில் எங்கள் மாடி எங்களுடையது இல்லை.
நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. வெந்நீர் உண்டு,
கார் நிறுத்த இடம் உண்டு,
வயலையும் மலையையும் பார்த்த பால்கனி உண்டு.

ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்:
பத்து மணிக்கு மேல் மாடிப்படி கேட்டைப் பூட்டவும்.
தமிழில் நான் எழுதியது. மலையாளத்தில்
டெய்லர் கடை பிலோமினா எழுதித் தந்தது.
வெள்ளிக்கிழமை வந்த ஐந்து பேர்
ஈரத்துண்டை அதன்மேல்தான் தொங்கவிட்டார்கள்.

படி கேட்டுக்கு எண் பூட்டு.
மறக்கக் கூடாதென்று
என் கல்யாணத் தேதியை வைத்திருந்தேன்.
பரோட்டா கொண்டுவந்த பையனுக்கு
பால்கனியில் நின்று கத்திச் சொன்னார்கள்:
"ரெண்டு, மூணு, சைபர், எட்டு!"
மறுநாள் பால் வாங்கப் போனால் அந்தப் பையன் கேட்கிறான்,
"ஆகஸ்ட் இருபத்து மூணு என்ன விசேஷம்க்கா?"

அன்றிரவு ஒரு மணிக்கு விழிப்புத் தட்டியது.
வெளியே வந்து பார்த்தேன்.
கேட் திறந்து கிடக்கிறது. மேலே கதவும்.
வெளிப்பூட்டில் சாவி தொங்கிக் காற்றுக்கு ஆடுகிறது.
எல்லா விளக்கும் எரிய ஐந்து பேரும் உறக்கத்தில்.
மேசையில் லேப்டாப், இரண்டு பர்ஸ்,
யாரோ கழற்றி வைத்த மோதிரம்.

எழுப்பினால் நட்சத்திரம் குறையும்.
வெளியே பூட்டினால் அடைத்து வைத்தாள் என்பார்கள்.
சும்மா சாத்திவிட்டு வரலாம்தான்;
காலையில் மோதிரத்தைக் காணோம் என்றால்
கடைசியாகக் கதவைத் தொட்டவள் நான்.

படியில் உட்கார்ந்தேன், மடியில் டார்ச்சோடு.
ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.
கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற லாரிகள்
சுவரில் ஒளியை வழித்துக்கொண்டே போயின.
கூப்பிடு தூரத்தில், சோதனைச்சாவடியில்,
என் வீட்டுக்காரர் கோமதிநாயகம்
கம்பைத் தூக்குவதும் இறக்குவதுமாக
ஒவ்வொரு வண்டியையும் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்,
உள்ளே என்ன, உள்ளே என்ன.
கோழிக்கழிவு இந்தப் பக்கம் வரக்கூடாது.
ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய கையோடு எழுதிவிட்டார்கள்.
ஐந்து நட்சத்திரம்.
"அவ்வளவு பாதுகாப்பான ஊர்.
இரண்டு ராத்திரியும் கதவைப் பூட்டவே இல்லை."

இரண்டு ராத்திரியும்.
நான் ஒரு ராத்திரிதான் உட்கார்ந்திருந்தேன்.

பெருக்கப் போனால் சாவியைக் காணோம்.
போன் போட்டால் தென்மலையில் இருக்கிறார்கள்.
"ஸாரி ஆன்ட்டி, ஜீன்ஸ் பாக்கெட்ல வந்துருச்சு."
சாயங்காலம் வருகிற கொல்லம் பஸ்ஸில்
கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

அதற்குள் மூன்று மணிக்கு அடுத்த ஆள்.
ஒற்றைப் பெண். ஜெனோவா மேரி,
தூத்துக்குடி என்றது ஆதார் நகல்.
தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.
தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள்.
ஜன்னல் கொக்கிகளை எண்ணினாள்.
குளியலறை வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"இந்தக் கதவுக்கு எத்தனை சாவி இருக்கு?"

ரெண்டு.

"இன்னொண்ணு யாருட்ட?"

எல்லை தாண்டிப் போயிருக்கிறது என்று
வாடகை வாங்கிய வாயால் எப்படிச் சொல்ல.
சொன்னேன்.
அவள் தோளிலிருந்து பையை இறக்கவில்லை.
காபி போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள்.

ஆறே முக்காலுக்கு அவர் யூனிஃபார்மோடு
ஸ்கூட்டரில் வந்தார். பஸ்ஸை நிறுத்தி
உள்ளே என்ன என்று வழக்கம்போலக் கேட்டாராம்.
கண்டக்டர் சிரித்துக்கொண்டே நீட்டினாராம்
டிக்கெட் தாளில் சுருட்டிய எங்கள் வீட்டை.

இரண்டு சாவியையும் அவளிடமே கொடுத்தேன்.
கேட்டுக்குப் புது எண்ணும் அவளே வைத்தாள்.
வைத்து முடிக்கும்வரை
நான் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தரைக்கு மேலே
நாற்காலி இழுபடும் சத்தம்.
கதவில் முட்டி நின்றது.
நான் புரண்டு படுத்தேன்.