சிவப்பு நாடா

ஜஹ்ராவைத் தாண்டி, விமானத்தளத்தின் மூன்றாம் கேட்.
இரவு ஒன்றரைக்கு என் பஸ்ஸில் ஏறுவார்கள் ஐந்து பேர்.
சரக்கு விமானம். பெயர்கள் நெஞ்சுப்பட்டையில் இருந்தன,
எனக்கு நான் வைத்ததே போதும்:
நெட்டையன், சூயிங்கம், வாத்தியார், தூங்கி,
கடைசி சீட்டில் கால் நீட்டிச் சரக்குக்காரி.

நாலு மாதம் அதே ஐவர்.
வாரம் போகப் போகப் பேச்சு குறைந்தது.
நெட்டையன் கை நீட்டினால் பேனா வந்து விழும்.
"அன்றைக்கு மாதிரி" என்பார் வாத்தியார்,
என்றைக்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
புருஷன் பெண்டாட்டிகூட இப்படி இருந்து
நான் பார்த்ததில்லை.

ஓர் இரவு, இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புகிறேன்,
ஹெட்லைட் வெளிச்சத்தில்
சக்கரத்துக்கு மேலே ஆடுகிறது சிவப்பு நாடா.
பறக்குமுன் உருவ வேண்டிய ஊசி.
கதவு மூடியாயிற்று. விசிறி இன்னும் சுற்றவில்லை.
தூங்கி எடுத்திருப்பான் என்று சரக்குக்காரியும்
அவள் எடுத்திருப்பாள் என்று தூங்கியும்
நம்பியிருக்கிறார்கள்,
முழு மனசோடு.

டிரைவருக்கு அங்கே வாய் கிடையாது.
ஹாரன் இருந்தது.

மறுவாரம் ஐவரையும் பிரித்தார்கள்.
காரணத்தை எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?
இப்போது தினம் ஒரு கூட்டம்.
கை குலுக்கி, ஊர் சொல்லி,
பஸ்ஸிலேயே தாளைப் பிரித்து ஒப்பிக்கிறார்கள்
இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு போல.
"ஊசி?" "எடுப்பது நான்." "எத்தனை?" "மூன்று."
அப்புறம் எந்த நாடாவும் ஆடக் காணோம்.

தூசிக்காற்று அடித்த இரவில்
மூன்று முறை சுற்றிவிட்டுத் தரை தொட்டது ஒன்று.
பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல்.
தூங்கியும் இருந்தான் அந்தக் கூட்டத்தில்,
கை உதறிக்கொண்டிருந்தது.
நெட்டையன் இருந்தால் உள்ளங்கையில்
ஒரு மிட்டாயை வைத்து அழுத்தியிருப்பான்,
முகத்தைப் பார்க்காமலே.
பக்கத்தில் இருந்தவனுக்கு அது குளிர்.
"ஏசியைக் குறைப்பா" என்றான், நல்லவன்தான்.
குறைத்தேன்.

அறைக்கு வந்தால் கேஸ் நாற்றம்.
நானும் சிக்கந்தரும் பதினோரு வருஷம் ஒரே அடுப்பு.
உப்புப் போட்டாயா என்றுகூடக் கேட்டுக்கொள்வதில்லை.
நேற்று அவன் மூடியிருப்பான் என்று நான்,
நான் என்று அவன்.

ஜன்னலைத் திறந்தேன், தூசி உள்ளே வந்தது.
அவனை உலுக்கினேன்.
"சிலிண்டர்?" என்றேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு
புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"சிலிண்டர்?"

"மூடல" என்றான்.