பதினோரு அங்குலம்

ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே
பதினோரு அங்குலம் சும்மா கிடக்கிறது.
அளந்து பார்த்தது வைகாசியில்.
கடையில் விற்கிற அலமாரி எல்லாம்
பன்னிரண்டில்தான் தொடங்குகின்றன.
இப்படித்தான் ஆரம்பித்தது.

காந்தி வீதிக் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் வயரில்லாத ட்ரில்கள்
மூக்கை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன.
"பதினெட்டு வோல்ட் எடுங்க சார்,
கான்கிரீட்டெல்லாம் வெண்ணெய்" என்றார் தணிகாசலம்.
வாங்கிப் பார்த்தேன். ஒன்றேமுக்கால் கிலோ.
மணிக்கட்டு கேட்டது:
யார் வீட்டில் கான்கிரீட்?

நான் இருப்பது குருசுக்குப்பத்தில், மாடியில்.
சுண்ணாம்பும் செங்கல்லும்;
முறைத்துப் பார்த்தாலே காரை உதிரும்.
வாடகைப் பத்திரத்தில் நான்காவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
பட்டறை என்று நான் சொல்லிக்கொள்வது
நாலடிக்கு ஆறடி பால்கனி,
துணி காயும் நாளில் அதுவும் இல்லை.
ப்ளக் பாயிண்ட் சமையலறையில்.
போன வருஷம் இரவல் வாங்கிய ட்ரில்லின் வயரில்
புனிதவதி தடுக்கி, குழம்புச் சட்டியோடு…
அந்தக் கதை வேண்டாம்.

கீழ்த்தட்டில் ஒன்று இருந்தது.
பன்னிரண்டு வோல்ட், கைப்பிடிக்குள்ளேயே பேட்டரி,
ஒரு கிலோ தேறாது.
குட்டை மூக்கு, அலமாரி மூலைக்குள்ளும் திரும்பும்.
கழுத்தில் ஒரு வளையம், ஒன்று முதல் இருபது வரை எண்கள்:
எவ்வளவு இறுக்கினால் போதும் என்று
தானே நிறுத்திக்கொள்ளத் தெரிந்த எந்திரம்.
எனக்கு அது இன்னும் வரவில்லை.

"மெஷினைப் பார்க்காதீங்க, பேட்டரியைப் பாருங்க.
அதுதான் சார் சம்பந்தம்.
ஒரு வீட்ல எடுத்துட்டா
ரம்பம், தேய்க்கிற மெஷின், தூசி ஊதுறது
எல்லாம் அந்த வீட்லயேதான் எடுக்கணும்.
பச்சைப் பேட்டரி நீலத்துல ஏறாது."
பொருத்தம் பார்த்தேன்.
பேட்டரி ஒன்றா, இரண்டா.
சார்ஜர் உண்டா, தனியா.
கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாருக்கு
எண்ணூறு கூடுதல், உப்புக்காற்றுக்கு நல்லதாம்.
மெய்யோ பொய்யோ.
கடலைச் சொல்லி
இந்த ஊரில் எதையும் விற்றுவிடலாம்.
கொடுத்தேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது மணிக்கே கரண்ட் போனது.
தெருவின் மிக்ஸி, மோட்டார், டிவி
எல்லாம் வாயடைத்துப் போக
என் பால்கனியில் மட்டும்
ஆளுயரத்துக்கு வளர்ந்த கொசு மாதிரி ஒரு ராகம்.
ரப்பர் மரப் பலகை.
தூள் சுருள் சுருளாக முழங்காலில்.
மூன்றாவது துளையில்
படியேறும் செருப்புச் சத்தம்.

மதாம் ஒர்த்தான்ஸ்.
வீட்டுக்காரம்மா, பிரெஞ்சுப் பென்ஷன்,
நான்காவது வரியை எழுதியவர்.
"கரண்ட்டே இல்லையே முசியே, என்ன சத்தம்?"
நான் ட்ரில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
மறைக்கிற அளவில்தான் வாங்கியிருக்கிறேன் என்பது
அப்போதுதான் உறைத்தது.

சுவரைப் பார்த்தார். பழுதில்லை.
பலகையைப் பார்த்தார்.
"குடுங்க" என்று கையை நீட்டினார்.
மூட்டு வீங்கிய விரல்கள் விசையை அழுத்தின.
சுற்றியது. விட்டார், நின்றது.
இன்னொரு தரம்.
இன்னும் ஒரு தரம், யாருமில்லாத வானத்தைப் பார்த்து.

"கீழே திரைச்சீலைக் கம்பி
ரெண்டு மாசமா தரையில கிடக்குது.
ஆள் வரேன் வரேன்னு வரலை."
கொஞ்சம் நிறுத்தி,
"சுவர்லதான்" என்றார்.

பேட்டரியில் இரண்டு கோடு மீதமிருந்தது.
போனேன். நான்கு துளை.
காபியும் பிஸ்கட்டும் கிடைத்தன.
பத்திரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அலமாரி இன்னும் முடிந்தபாடில்லை.
பதினோரு அங்குலத்தில் இப்போதைக்கு
ட்ரில் வந்த பெட்டி நிற்கிறது,
அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு.
புனிதவதி தினமும்
அதில் ஒருமுறை இடித்துக்கொள்கிறாள்.