பத்து வெள்ளி விளக்கு

"வார்ணா?" என்று கேட்டார் சார்ஜன்.
நம் வர்ணம்தான். கடல் தாண்டி வந்து
போலீஸ் படிவத்தில்
ஒரு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

பதினாறு வருடமாகச் சுங்கை பினாங்கில்
கார்களுக்குச் சாயம் கலக்குகிறேன்.
பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்தால் போதும்,
வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை
திருப்பிப் பார்த்து
எத்தனை சொட்டுக் கறுப்பு, எத்தனை சொட்டு ஊதா
என்று சொல்லிவிடுவேன்.
அந்த நான் சொன்னேன்:
மண் நிறம், சார். ஈர மண்.

இரவு இரண்டேகால். ஜெலுத்தோங் சாலை.
கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் விளக்கு.
மயில்வாகனன் சைக்கிளை இடித்த கார்
அந்த மஞ்சளிலிருந்து வந்து
அந்த மஞ்சளுக்குள்ளேயே போய்விட்டது.
நாசி கண்டார் கடையில் சட்டி கழுவி முடித்து
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன்.
அவனடியில் கறுப்பாகப் பரவியதை
எஞ்சின் ஆயில் என்று நினைத்தேன்.
சைக்கிளில் ஏது எஞ்சின்?
அதை யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
அந்த ஒரு நிமிடத்தைப் படிவத்தில் எழுதச் சொல்லவில்லை.

பிழைத்துக்கொண்டான். இடது கால் முழங்காலோடு.
அவனுக்கு நினைவிருப்பது சத்தம் மட்டும்.

மறுநாள் பகலில் பெடல் இடுக்கில்
நகக்கண் அளவு சாயத் துணுக்கு.
பச்சை.
சார்ஜன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
இதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு, பச்சைப் பொய்.
மலாயில் அதை எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம், அதே நேரம், அதே கம்பத்தடியில்
பட்டறை மாதிரி அட்டையை விரித்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு நிறம்.
மிளகாய்ச் சிவப்பு சேறாகியிருந்தது.
கடல் நீலம் அடுப்புக்கரி.
பச்சை பதினெட்டும் ஒரே வண்டல்.
மஞ்சள் மட்டும்
வெள்ளையைப் போல் நடித்துக்கொண்டிருந்தது.
பின்னால் உள்ள எண்ணைத் திருப்பிப் பார்த்துத்தான்
எது எதுவென்று தெரிந்துகொண்டேன்,
முதல் நாள் வேலைக்கு வந்தவன் போல.

தீபாவளிக்கு முன் கவுன்சில் லோரி வந்தது.
மஞ்சளையெல்லாம் இறக்கிவிட்டு வெள்ளையை ஏற்றினார்கள்.
இப்போது அங்கே நடுஇரவிலும் சிவப்பு, சிவப்பு.
ஏணியில் நின்ற பையனிடம் பத்து வெள்ளி கொடுத்து
ஒரு விளக்கை வாங்கிக்கொண்டேன்,
சோக்கோடு சேர்த்து.

பட்டறையின் பின்கட்டில் மாட்டியிருக்கிறேன்.
போட்டதும் ரோஜாவாகத் தொடங்கி
ஐந்து நிமிடத்தில் மஞ்சளாக முற்றும்.
முன்பக்கம் நசுங்கி எந்தக் கார் வந்தாலும்,
பச்சையோ இல்லையோ,
ஓட்டிப்போய் அதனடியில் நிறுத்துகிறேன்.
முதலாளி லிம் கரண்ட் பில்லைக் காட்டுகிறார்.
பூச்சு சரிபார்க்க என்கிறேன்.

பத்தடி தள்ளி நின்று
கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன்.
ஈர மண்.
நேற்று வந்த ஆசிரியையின் சிவப்புக் காரும்
ஈர மண்.
அதனடியில் எல்லா வண்டியும்
அந்த வண்டிதான்.
துடைத்துக்கொண்ட என் கைத்துணியில்
ஒட்டியிருப்பது ஆயிலா என்று
வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.